நிற்கும்போதுதான் விழும்

ஓடும்போது மோட்டார் சைக்கிள் விழுவதில்லை.
நிற்கும்போதுதான் விழும்.
முதல் நாள் காலை, ஒரு ஜோடி கையுறையோடு
எனக்குக் கொடுக்கப்பட்ட தகவல் இவ்வளவுதான்.

வேல்ஸின் மேற்குக் கரையில்
போர்க்காலத்து விமானத்தளம்.
ஓடுபாதையின் வெடிப்புகளில் புல்.
வேலிக்கு அப்பால் மேயும் செம்மறிகள்
மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மட்டும்
தலை தூக்கிப் பார்க்கும்.

எய்ர்வென் வருகிறாள்.
வேனிலிருந்து சக்கர நாற்காலி,
நாற்காலியிலிருந்து வண்டியின் இருக்கை.
நடுவே ஒரு நொடி
அவள் எடை மொத்தமும் அவளுடைய
இரண்டு மணிக்கட்டுகளில் நிற்கும்.
அந்த நொடியில் யாரும் உதவக் கூடாது.
அது விதி. அவள் போட்டது.

பாதங்களை நான்தான் மிதியில் வைத்துப்
பட்டையால் கட்டுகிறேன்.
இறுக்கம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது,
என் விரல்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.
கியர் இடது கட்டைவிரலின் கீழே:
ஏற ஒரு பொத்தான், இறங்க ஒன்று.

பின்னால் இருவர்.
இடப்பக்கம், வாரமெல்லாம் தபால் கொண்டுபோகும் நெரிஸ்.
வலப்பக்கம் நான்.
பிடித்தபடியே ஓடுகிறோம்,
பத்தடி, பதினைந்தடி,
பிறகு கை காலியாகிறது.

அந்தக் காலியைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை.
பிள்ளைக்கு சைக்கிள் பழக்குவது போலவா
என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.
அவளுக்கு வயது ஐம்பத்திரண்டு.
மணிக்குத் தொண்ணூறு மைலில் போய்க்கொண்டிருக்கிறாள்.

பத்தொன்பது ஆண்டு
காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்து
கால்களுக்கு விலை எழுதியவன் நான்.
முழங்காலுக்குக் கீழே என்றால் இவ்வளவு,
மேலே என்றால் இவ்வளவு,
கட்டைவிரலுக்குத் தனிப் பத்தி.
‘இனி வண்டி ஓட்ட வாய்ப்பில்லை’ என்ற வரியை
ஒரு கோப்பிலிருந்து இன்னொரு கோப்புக்கு
நகலெடுத்து ஒட்டுவேன்.
எழுத்துப்பிழை ஒருநாளும் வந்ததில்லை.

பாவம் கழுவ வந்தவன் என்று எண்ண வேண்டாம்.
ஒரு சனிக்கிழமை
யாருக்கோ முதுகு பிடித்துக்கொண்டது,
ஆள் குறைந்தது, வந்தேன்.

மே மாதம் ஒருவனைத் தவறவிட்டேன்.
கெதின். வலது கால் இல்லாதவன்,
சாய்ந்தால் என் பக்கம்தான் சாய்வான்.
வேகம் சுழியம்.
இருநூறு கிலோ இரும்பு
மாடு படுப்பது மாதிரி
அவசரமில்லாமல் படுத்தது.
ஹெல்மெட்டுக்குள்ளிருந்து சிரிப்பு வந்தது:
“இதைவிட நன்றாக விழுந்திருக்கிறேன்.”

எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை.
அடுத்த மாதம் பெயர்ப் பட்டியல் வாசித்தபோது
அவன் கை உயர்த்திச் சொன்னான்:
“என் வலப்பக்கம் போன தடவை நின்றவரே நிற்கட்டும்.”

சம்பளம் உண்டா என்று மனைவி கேட்கிறாள்.
உண்டு.
தொடையில் மிதிக்கட்டையின் வடிவத்தில் ஊதா நிறக் கன்றல்.
இடது கை சட்டைப் பைக்குள் தூங்க,
பிஸ்கட் பொட்டலத்தைப் பல்லால் கிழித்து
மெய்ரிக் நீட்டும் தேநீர்,
சர்க்கரை எப்போதும் அதிகம்.
அப்புறம் அந்த வலப்பக்கம்.

இதோ, எஞ்சின் சத்தம் தணிகிறது.
கடைசி வளைவு.
நாற்பது, இருபது,
நடக்கிறவன் வேகம்.
இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை எய்ர்வென்.
யாரும் இல்லாத சாலையில் நிறுத்துகிறவள் போல
நேரே பார்த்து பிரேக் பிடிக்கிறாள்.
பாய்கிறோம்.
வண்டி சாய நினைக்கும் இடத்தில்
நான்கு உள்ளங்கைகள் ஏற்கெனவே இருக்கின்றன.

கண்ணாடியை உயர்த்துகிறாள்.
கடற்காற்றில் கண்ணோரம் ஈரம்,
அல்லது காற்று இல்லாமலும்.

“அரை நொடி தாமதம்” என்கிறாள் என்னிடம்.

பட்டையை அவிழ்க்கக் குனிகிறேன்.

“யார் அவிழ்க்கச் சொன்னது?”